இருபத்தைந்து மில்லி

2023 ஜூன் 4, ஞாயிறு

வரும் செப்டம்பர் பத்தாம் நாளுடன் நான் மதுவைக் கைவிட்டுப் பத்தாண்டுகள் நிறைவுறும். மதுவை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் நாகர்கோவில் கூட்டத்தில் பத்தாண்டு கண்ட பெண்மணி இதுவரை ஒருவருமில்லை. அன்று நான் ஆற்றவேண்டிய உரையைச் சிறுகச் சிறுகச் செப்பனிடும் பொருட்டு இந்த ஏட்டைத் திறக்கிறேன்.

எழுதுபவள் இன்னாரென்று முதல் பக்கத்தில் பதிந்துவைப்பது முறை. பெயர் சொர்ணபாய். வயது ஐம்பத்து நான்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. நான் கல்வியைக் கைவிடவில்லை. முந்திரி ஆலையில், எங்கள் ஊர் வழக்கில் அண்டி ஆபீஸில், பன்னிரண்டு வயதில் கொட்டை உடைக்க உட்கார்ந்தவள், இன்று தரம் பிரிக்கும் கூடத்தில் நாற்பத்தொரு பெண்களுக்கு மேற்பார்வையாளர். இடையில் பதினாறு ஆண்டுகள் குடித்தேன். வறுப்பறைக்காரர்களோடு தொடங்கியது, கடைசியில் தனியாக, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குடிப்பதில் வந்து நின்றது. வேலை போயிற்று. மகள் ஜெனிதா தன் கைக்குழந்தையை என் கையில் தர மறுத்தாள். அதன் பிறகே கூட்டத்துக்குப் போனேன். வேலையைத் திரும்பப் பெற்றேன். பேரனைத் தூக்கினேன். நாற்பத்தேழாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தமிழில் எண்பத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். இவற்றுள் எதையும் அடக்கத்தின் பொருட்டுக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

ஜூன் 7, புதன்

மழை பிடித்துக்கொண்டது. இடது முழங்கால் நேற்றிலிருந்து மடங்க மறுக்கிறது. வேலை முடிந்து வைத்தியசாலைக்குச் சென்றேன். வைத்தியர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, வேறேதும் உண்டா என்று வினவினார். இல்லை என்றேன். தைலமும் ஒரு புட்டி அரிஷ்டமும் தந்தார். இருபத்தைந்து மில்லி, காலையும் மாலையும், உணவுக்குப் பின்.

நான் எதையும் வாசிக்காமல் வாயில் வைப்பவள் அல்ல. புட்டியின் சீட்டைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். மூலிகைகளின் பட்டியலுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், தானாக விளையும் ஆல்கஹால் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்கும் என்றிருந்தது. தானாக விளைவது என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் கொண்டுவந்து ஊற்றியதன்று. மேலும் இது மருந்து.

ஜூன் 11, ஞாயிறு

எங்கள் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில் நடைபெறுகிறது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முப்பது பேர் முழங்காலை நெஞ்சில் வைத்து அமர்ந்திருப்போம். அவர்களுள் பெண்கள் இதுநாள்வரை நாங்கள் இருவர்: நானும், குளச்சலில் மீன் விற்கும் லூர்தம்மாளும். லூர்தம்மாள் மது நிறுத்தி இரண்டாண்டு நான்கு மாதம். நல்ல பெண்மணி, ஆனால் பேச்சில் பண்பு போதாது. கூட்டத்தில் பேசும்போது 'எழவு' என்ற சொல்லைத் தவிர்க்குமாறு நானே ஒருமுறை எடுத்துரைத்திருக்கிறேன்.

இன்று மூன்றாமவர் வந்தார். விஜிலா, வயது முப்பத்தொன்று. கணவன் கத்தாரில். மாமனார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ராணுவ கேன்டீனில் கிடைக்கும் ரம் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. பெயரைச் சொல்லும்படி ஆசீர்வாதம் அண்ணன் கேட்டார். இருபத்துமூன்று ஆண்டுகள் மதுவின்றி வாழும் அவர்தாம் எங்கள் செயலர். அவள் எழுந்து, "மாமனார் நாட்டக் காத்தாரு. நான் அவரு பாட்டிலக் காத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து வயது மகளைக் கணவனின் அக்காள் கொண்டுபோய்விட்டாளாம். மூன்று மாதம் தொடாமல் இருந்து காட்டினால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "எக்கா, எனக்கு ஒங்களத்தான் பிடிச்சிருக்கு. நீங்க பேசுறது நியூஸ் வாசிக்க மாதிரி இருக்கு" என்றாள். புதியவரைக் கைப்பிடித்து நடத்துபவரை நாங்கள் வழித்துணை என்போம்; அவளுக்கு அவ்வாறு இருக்க ஒப்புக்கொண்டேன். நாள்தோறும் காலை ஆறரைக்கு அவள் எனக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். மது நினைவு வந்தால் எந்நேரமும் பேசலாம். பொய் சொல்லக் கூடாது. மூன்றே விதிகள்.

ஜூன் 12, திங்கள்

விஜிலாவுக்கு முதல் நாள். ஆறரைக்கு அழைத்தாள். "கை நடுங்குது எக்கா." அரசு மருத்துவமனைக்குச் சென்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி மருந்து வாங்கச் செய்தேன். திடீரென நிறுத்துவோருக்கு அது இன்றியமையாதது.

முழங்கால் சற்றுத் தேவலை. அரிஷ்டம் வயிற்றுக்கும் இதமாக இருக்கிறது.

ஜூன் 30, வெள்ளி

சரக்கு அதிகம். முழுப்பருப்புத் தட்டில் ஒரு துண்டு கிடந்தாலும் என் கண் தப்பாது என்பதைக் கூடத்தில் உள்ள அனைவரும் அறிவர். மேலாளர் இன்று வெளியூர் வணிகரை அழைத்துவந்து, "இவங்க பாத்து விட்டா மறுபடி பாக்க வேண்டாம்" என்றார்.

விஜிலாவுக்குப் பத்தொன்பது நாள்.

மருந்து அளவுக் கிண்ணத்தின் அடியில் விரிசல் விழுந்துவிட்டது. சிறிய எவர்சில்வர் தம்ளரைப் பயன்படுத்துகிறேன். ஏறத்தாழ அதே அளவுதான்.

ஜூலை 19, புதன்

காலை ஆறு இருபதுக்கே அழைத்தாள். நேற்று மழையில் நனைந்து உடம்பு வலி. மாமியார் ஓர் அரிஷ்டப் புட்டியை எடுத்துவந்து, "பிரசவிச்ச பொம்பளைங்களே குடிக்கது, நீ குடிச்சா என்ன" என்றிருக்கிறாள்.

"குடிக்கட்டா எக்கா? மருந்துதான?"

"சீட்ட வாசிச்சியா மக்ளே?"

"எழுத்துப் பொடிசா இருக்கு."

"பொடிசா இருக்கதத்தான் வாசிக்கணும். அதுல சாராயம் உண்டு. நம்ம ஒடம்புக்கு அது மருந்துண்ணும் தெரியாது, ரம்முண்ணும் தெரியாது. இப்பமே கொண்டுபோயி வாஷ்பேசின்ல ஊத்து. நான் லைன்லயே நிக்கேன்."

ஊற்றும் ஓசை கேட்டது. பிறகு அவள், "மாமியா பாத்துட்டு நிக்கா. முன்னூறு ரூவா மருந்தாம், மொகம் சட்டி மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். முப்பத்தெட்டாம் நாளில் ஒரு பெண் அவ்வாறு சிரிப்பதைக் கேட்பது எனக்கு ஒரு விருதுக்கு ஒப்பானது.

என்னுடையது வேறு. அது வைத்தியர் நோய் நாடித் தந்தது. அவளுடையது மாமியார் தந்தது. அவள் முப்பத்தெட்டு நாள், நான் பத்தாண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

ஜூலை 27, வியாழன்

இனிமேல் பார்வதிபுரத்துக் கடையில் வாங்குவதாக முடிவு செய்துள்ளேன். பேருந்து வசதி அங்கே கூடுதல். வைத்தியசாலைப் பெண் இன்று, "போன வாரந்தான வாங்கினீங்க அம்மா?" என்று நான்கு பேர் முன்னிலையில் கேட்டது தேவையற்றது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கூட்டத்தில் ஆசீர்வாதம் அண்ணன் செப்டம்பர் பத்து நிகழ்வை அறிவித்தார். ஆண்டு நிறைவுக்கு எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. நிறைவு காண்பவர், தாம் கைப்பிடித்து நடத்திவரும் புதியவரின் கையால் பித்தளை வில்லையைப் பெற வேண்டும். மேலிருந்து யாரும் தருவதில்லை. எனக்கு விஜிலா தருவாள். அன்றைக்கு அவளுக்குத் தொண்ணூறு நாள் நிறைவு. தொண்ணூறு நாள் வில்லையை வழித்துணையே தருவது முறை; அவளுக்கு நான் தருவேன். இப்படிப் பொருந்தி வருவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

லூர்தம்மாள், "பத்து வருசம்! பெரிய எழவுதான் போ" என்றாள். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெனிதாவுக்குச் செய்தி சொன்னேன். கணவனோடும் மகனோடும் தக்கலையிலிருந்து வருவதாகச் சொன்னாள். என் கூட்டத்துக்கு அவள் வருவது இதுவே முதல்முறை. "என்ன சேல உடுத்துவ ம்மா?" என்று கேட்டாள். ஒரு மகள் தாயிடம் கேட்கும் மிகச் சாதாரணக் கேள்வி. சாம்பல் நிறப் பட்டுக்கரைச் சேலை என்றேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மதிய உணவுக்குப் பின்னும் ஒருமுறை மருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆலையில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு அவ்வாறு தேவைப்படும். சோற்றுப்பையில் தண்ணீர்ப் புட்டியோடு கொண்டுசெல்கிறேன்.

பிற்பகலில் முழுப்பருப்பு என நான் ஒப்புதல் அளித்த இரண்டு தட்டுகளில் துண்டுகள் இருந்தனவாம். மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

உரையின் முதற்பகுதி நிறைவுற்றது. 'அவையோர்க்கு வணக்கம். மூவாயிரத்து அறுநூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாள்களை ஒவ்வொன்றாகக் கடந்து இங்கு நிற்கிறேன்' என்று தொடங்குகிறேன். தாளில் நன்றாக இருக்கிறது. உரக்க வாசித்துப் பார்க்கையில் நாள்களின் எண்ணிக்கை வரும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஓணம். ஆலை விடுமுறை. முற்பகலில் விஜிலா தூக்குப் பாத்திரத்தில் அடப்பிரதமன் பாயசம் கொண்டுவந்தாள். உடன் அவள் மகள்! நாத்தனார் இரண்டு நாளுக்கு அனுப்பியிருக்கிறாள். பிள்ளை சுவரில் தொங்கும் என் தேர்வுச் சான்றிதழைப் பார்த்து, "இது யாரு போட்டோ?" என்று கேட்டது. போட்டோ இல்லை, பாட்டியின் மதிப்பெண் என்றேன். "எத்தனைக்கு எத்தன?" என்றது. என் வீட்டில் இதுவரை யாரும் கேட்டிராத நல்ல கேள்வி.

பாயசம் ஊற்றத் தம்ளர் எடுக்க விஜிலா அடுக்களைக்குச் சென்றாள். நான் எடுத்துத் தருகிறேன் என்று எழுந்தேன், முழங்கால் இடம்தரவில்லை. வெகுநேரம் கழித்து மூன்று தம்ளர்களோடு வந்தாள். முகம் மாறியிருந்தது. பிள்ளையை முற்றத்தில் கோழி பார்க்க அனுப்பினாள்.

"எக்கா, அரிசிப்பானை பக்கத்துல சாக்குக்கு அடியில ஒம்பது குப்பி கெடக்கு."

"மூட்டு வலிக்கு. வைத்தியர் தந்தது."

"ஒம்பதும் காலி."

"மூணு மாசத்துக்குள்ளது மக்ளே."

"நான் எண்ணிப் பாத்தேன் எக்கா. நான் எண்ணுவேன்லா. மாமனாருட்ட மாட்டாம இருக்க எத்தன நாள் எண்ணியிருக்கேன்." முற்றத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எம் மாமியாளும் மருந்துண்ணுதான் சொன்னா. நீங்க ஊத்தச் சொன்னீங்க" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கினேன். அவள் பாயசத்தைக் குடித்து முடித்து, மூன்று தம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளையோடு போனாள்.

ஆகஸ்ட் 30, புதன்

எழுபத்தொன்பது நாள் ஆனவள் எனக்குப் பாடம் புகட்ட வருகிறாள். நான் இந்த நோயைப் பற்றிப் பொது நூலகத்தில் கிடைத்த அத்தனை நூல்களையும் வாசித்தவள். பிறர் வீட்டுச் சாக்கைப் புரட்டிப் பார்ப்பது எந்தப் பண்பாட்டில் சேர்ந்தது? ஆறரைக்கு அழைத்தாள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 31, வியாழன்

அழைத்தாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

கூட்டத்துக்கு முன் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றாள்.

"எக்கா, ஒரு காரியம். அடுத்த ஞாயித்துக்கெழம வில்லைய நான் தரமாட்டேன். லூர்து அக்கா தரட்டும், இல்லாட்டி அண்ணன் தரட்டும்."

"ஏன்?"

"ஏம்னு ஒங்களுக்குத் தெரியும். நான் ஒருத்தருட்டயும் சொல்லேல. சொல்லவும் மாட்டேன். எம் பிள்ள மேல சத்தியம். ஆனா எங்கையால தரமாட்டேன்."

"அப்ப நான் பொய்க்காரியா?"

"எனக்குத் தெரியாது எக்கா. நீங்கதான் மூணாவது விதி போட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போன எடுக்காத நாலு நாளும் நான் குடிக்கேல. கேட்டீங்களா? எடுக்காத போனுக்கு ரிங் அடிச்சிட்டே இருந்தேன். அடிச்சு முடியும்போ ஆசை போயிரும்."

உள்ளே போய் வழக்கம்போல் முதல் பெஞ்சில் அமர்ந்தேன். யார் என்ன பேசினார்கள் என்று நினைவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

மெய்ப்பித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். இன்று ஒரு நாள் அருந்துவதில்லை. அருந்தாமல் இருக்க முடிகிறவளுக்கு அது மருந்துதான் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆலைக்குச் சென்றேன்.

பதினொரு மணிக்கு உள்ளங்கை வியர்த்தது. பருப்பு கையில் ஒட்டியது. இரண்டு மணிக்குத் தட்டுகளின் விளிம்பு அலைவதுபோல் இருந்தது. யாரோ கேட்ட கேள்விக்குச் சினந்து விழுந்தேன். மூன்றே முக்காலுக்கு மேலாளரிடம் முழங்கால் வலி என்று சொல்லி அனுமதி பெற்றுக் கிளம்பினேன். ஒன்பதாண்டுகளில் முன்னதாகக் கிளம்பியது இதுவே முதல்முறை.

முழங்கால் வலிக்கவில்லை.

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்டோ பிடித்தேன். செருப்பைக் கழற்றாமல் அடுக்களைக்குள் போனேன். தம்ளர் எடுக்கவில்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

நேற்றுக் குடித்தேன். ஜூன் ஏழு முதல் குடித்துவந்தேன். இன்று இதுவரை குடிக்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

மீதமிருந்த ஒன்றரைப் புட்டியைக் காலையில் தொட்டியில் ஊற்றினேன். ஊற்றும்போது அதன் மணம் எழுந்தது. ஒன்பதாண்டு ஒன்பது மாதம் இந்த மணம் சாலையின் மறுபக்கத்திலிருந்து வந்தாலும் விலகி நடந்தவள் நான். ஆலைக்கு விடுப்புச் சொல்லி, நடுக்கத்தோடு பேருந்தேறிக் குளச்சல் சந்தைக்குப் போனேன். ஏன் அங்கு போனேன் என்றால், கூட்டத்தில் எனக்கு வழித்துணையாகத் தகுதியுள்ள பெண் வேறு எவருமில்லை.

லூர்தம்மாள் சாளை மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த நல்ல சொற்களைத் தேர்ந்து சொல்லத் தொடங்கினேன். 'அறியாமையின் காரணமாக' என்று வந்ததும் அவள் கையை நிறுத்தினாள்.

"அறியாமையா? சீட்ட வாசிச்சியா இல்லியா?"

"வாசிச்சேன்."

"பெறகு என்ன எழவு அறியாமை?"

அந்தச் சொல்லை அவள் தவிர்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். செதில் ஒட்டிய கையால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை அமர்த்தினாள். சாயா வரவழைத்தாள். நான் முழுவதையும் சொன்னேன். தம்ளரை, பார்வதிபுரத்துக் கடையை, சோற்றுப்பையை, நேற்று முன்தினத்து ஆட்டோவை. இடையிடையே மீன் வாங்க வந்தவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு வழித்துணையா இருப்பியா லூர்து?" என்று கேட்டேன்.

"நீ எனக்கு மரியாத படிச்சுத் தந்தவ. நான் ஒனக்கு என்னத்தப் படிச்சுத் தர?" முந்தானையில் கையைத் துடைத்தாள். "செரி. முதப் பாடம். பேசும்போ பாதியாக் கொறச்சுப் பேசு. நீ நீட்டிப் பேசும்போதுதான் ஒளிக்க. இப்பம் எந்திரி, ஆசுபத்திரிக்குப் போவம். நடுக்கத்தோட ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒன்ன விடமுடியாது."

மீன்கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தாள். அவசரப் பிரிவில் நடுக்கத்துக்கு மாத்திரை தந்தார்கள். என்ன காரணம் என்று அங்கிருந்த செவிலியரிடம் லூர்தம்மாளே சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

ஆறரைக்கு விஜிலாவுக்கு நானே அழைத்துச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா எக்கா?" என்றாள்.

ஜெனிதாவிடம் சொல்வது அதைவிடக் கடினம். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், வருவதற்கு அங்கே எதுவுமில்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். மூன்று நிமிடம் நாற்பது நொடி பேசியிருக்கிறோம், கைப்பேசியில் பார்த்தேன்.

செப்டம்பர் 9, சனி

எழுதிய உரையை மீண்டும் வாசித்தேன். பதினொரு பக்கம். குறை சொல்ல முடியாத நடை. அடுப்பில் போடவில்லை, அத்தகைய நாடகம் வேண்டியதில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஒரு வழி இன்னும் திறந்தே இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால் இந்த ஏட்டுக்கு மதிப்பில்லை. விஜிலா சொல்லமாட்டாள். லூர்தம்மாள் தன்னிடம் சொன்னதை வெளியே விடுபவள் அல்ல. நாளை நான் வில்லையைப் பெற்றுக்கொண்டு, திங்கள் முதல் ஒழுங்காக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு மணி நேரம் இதை நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசி கொதித்து வழிந்தது.

செப்டம்பர் 10, ஞாயிறு

சாம்பல் நிறப் பட்டுக்கரைச் சேலை உடுத்தினேன்.

வகுப்பறையில் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். மேசைமேல் கேக், அதில் வெள்ளை எழுத்தில் பத்து. மார்த்தாண்டத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தனர். கடைசிப் பெஞ்சில் ஜெனிதா அமர்ந்திருந்தாள். கணவனையும் மகனையும் கூட்டிவரவில்லை. அவள் மட்டும்.

ஆசீர்வாதம் அண்ணன் என்னைப் பற்றி நிரம்பச் சொன்னார். குமரி மாவட்டத்துப் பெண்களுக்கு விளக்கு என்றெல்லாம் சொன்னார். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. பிறகு அழைத்தார். எழுந்து முன்னால் நடந்தேன். கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய மூன்றாம் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. அதன் முன் நின்றேன்.

"எம் பேரு சொர்ணபாய். நான் குடிநோயாளி. இன்னைக்கி எனக்கு ஆறாவது நாள்."

யாரோ ஒருவர் நான் வாய்தவறிச் சொன்னதாக எண்ணி, "வருசம், வருசம்" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"நாள்தான். ஜூன் மாசம் மூட்டுவலிக்கு அரிஷ்டம் வாங்கினேன். அதுல சாராயம் உண்டுண்ணு வாசிச்சுட்டுத்தான் குடிச்சேன். வைத்தியருட்ட என் நோயச் சொல்லேல. சொன்னா அவரு தந்திருக்க மாட்டாரு. அதான் சொல்லேல. இந்த மூணு மாசமும் இதே பெஞ்சுல இருந்து ஒங்களுக்குப் புத்தி சொன்னேன். விஜிலா மாமியா குடுத்த குப்பிய ஊத்த வச்சேன். தன் கையால வில்ல தரமாட்டேண்ணு எங்கிட்ட ஒருத்தி சொல்ல வேண்டியிருந்துது. சொன்னா. அவளாலதான் இன்னைக்கி ஆறு." மூச்சு வாங்கினேன். "அதுக்கு முந்தின ஒம்பது வருசம் ஒம்பது மாசம் நான் தொடேல. அது நான் வாழ்ந்தது. அத ஒருத்தரும் எங்கிட்ட இருந்து எடுக்க முடியாது. நானும் அதக் காட்டி ஒருத்தரயும் ஏமாத்தக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவே பேசினேன். பதினொரு பக்கம் தேவைப்படவில்லை. முதலில் லூர்தம்மாள் தட்டினாள்; மீன்காரியின் கை, சத்தம் பெரிது. பிறகு எல்லோரும்.

விஜிலாவுக்கு உரிய தொண்ணூறு நாள் வில்லையை அண்ணனே தரட்டும் என்றேன். அவர் எடுத்தார். விஜிலா கையை நீட்டாமல் நின்றாள். "முறைப்படி எக்காதான தரணும்?" என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார்; பிறகு வில்லையை என் கையில் வைத்தார். தந்தேன். அவள் அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். நாத்தனார் அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாளாம்.

பத்தாம் ஆண்டு வில்லையை அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது பெட்டியில கெடக்கட்டும் சொர்ணம். அறுபத்து நாலு வயசுல வந்து வாங்கிக்க."

"அதுவரை நீங்க இருப்பீங்களா அண்ணே?"

"நான் இல்லாட்டியும் பித்தள துரு பிடிக்காது." பிறகு கேக்கைப் பார்த்து, "இத என்ன செய்ய?" என்றார். பத்து என்ற எழுத்தைக் கத்தியால் வழித்துவிட்டு வெட்டச் சொன்னேன். வழித்த கிரீமை லூர்தம்மாள் விரலால் நக்கினாள்.

ஜெனிதா வாசலில் நின்றிருந்தாள். அருகில் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்; அவள் முந்திக்கொண்டாள்.

"குடிச்ச நாள்ல எல்லாம் நான் கேப்பேன், குடிச்சியாம்மாண்ணு. இல்லம்ப. வாயி நாறும், இல்லம்ப. சாமி படத்துல அடிச்சு இல்லம்ப. இன்னைக்கி ஒருத்தரும் கேக்கேல. நீயாச் சொன்ன." என் சேலைக் கரையைச் சரிசெய்தாள். "இந்தச் சேல ஒனக்கு எடுப்பா இருக்கு."

செப்டம்பர் 11, திங்கள்

ஏழு. ஆலைக்குச் சென்றேன். மேலாளரிடம், ஆகஸ்ட் மாதத்து இரண்டு தட்டுகள் கண்ணாடியால் நேர்ந்த பிழையல்ல என்று தெரிவித்தேன். காரணத்தையும் தெரிவித்தேன். ஒரு மாதம் என் தட்டுகளை இன்னொருவர் மறுபார்வையிடுவார். முறையான முடிவு.

செப்டம்பர் 25, திங்கள்

முழங்காலுக்கு எலும்பு மருத்துவரைக் காண அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். லூர்தம்மாள் உடன் வந்து, வெளியே பெஞ்சில் அமர்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "உள்ள போயிச் சொல்லணும். நான் சொல்லித் தரமாட்டேன்" என்றாள்.

மருத்துவரின் மேசைக்கு முன் வரிசை இருந்தது, கதவென்று ஒன்றில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஐந்தாறு பேரில் இருவர் எங்கள் ஆலையில் தோல் உரிக்கும் பெண்கள். மருத்துவர் நிமிராமல் கேட்டார்.

"சுகர் இருக்கா? பிரஷர்?"

"இல்ல."

"வேற ஏதாவது?"

ஜூன் மாதத்தில் இதே கேள்விக்கு நான் சொன்ன விடை ஒரே சொல். அதே சொல் இப்போதும் வாயின் விளிம்புவரை வந்தது. ஒன்பதாண்டு ஒன்பது மாதத்தில் கூட்டத்துக்கு வெளியே எந்த மருத்துவரிடமும் நான் இதை என் வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் சொன்னேன், தேவையான இடத்தில் சொல்லவில்லை.

"உண்டு டாக்டர். எனக்குக் குடிநோய் உண்டு. சாராயம் கலந்த மருந்து எதுவும், டானிக், இருமல் மருந்து, அரிஷ்டம், ஒண்ணும் எனக்கு எழுதக் கூடாது. சீட்டுல மேல எழுதி வைங்க."

அவர் நிமிர்ந்தார். "எவ்வளவு நாளாச்சு விட்டு?"

"இருபத்தொரு நாள்" என்றேன். பின்வரிசைவரை கேட்கும்படி, தெளிவாக, ஒவ்வோர் எழுத்தும் பிசகாமல் சொன்னேன்.